அண்ணாச்சி, அந்த 50 கிராமைச் சீராகக் கலந்து அனுப்புங்கள்

தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் உப்பு உற்பத்தியாளர்களுக்கும் உப்பு வியாபாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வு பெற்ற அறிவியல் டீச்சர். தூத்துக்குடிப் பக்கத்து அரசு நடுநிலைப் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் எடுத்தவள். அதற்கும் முன்னால் நான் அளத்துப் பிள்ளை. அப்பா பாத்தியில் உப்பு வாரினார். அம்மா அதை ஓலைப்பெட்டியில் சுமந்து மேட்டில் கொட்டினாள். நான் படித்த படிப்பு, போட்ட யூனிபார்ம் எல்லாம் உங்களைப் போன்ற ஒரு அண்ணாச்சி சனிக்கிழமை சாயங்காலம் எண்ணிக் கொடுத்த கூலியில் வந்தவைதான். அதனால் இதைப் புகார்க் கடிதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சமையல் உப்பில் அயோடினைச் சீராகக் கலப்பது பற்றி உங்களிடம் உரிமையோடு ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

வேலையில் இருந்தபோது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒருநாள், வீட்டு உப்பில் ஒரு ஸ்பூன் காகிதத்தில் மடித்துக் கொண்டுவரச் சொன்னேன். கிராம சுகாதார நர்ஸிடம் அயோடின் பார்க்கிற கிட் ஒன்று கேட்டு வாங்கி வைத்திருந்தேன். சின்னப் பாட்டில்தான். உப்பின் மேல் ஒரு சொட்டு விட்டால், அயோடின் இருந்தால் கத்திரிப்பூ நிறம் வரும். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. பெஞ்சில் வரிசையாகப் பொட்டலங்களைப் பிரித்து வைத்தோம், பேர் எழுதி.

தூள் உப்புப் பாக்கெட்டில் இருந்து வந்தவை சொட்டு விழுந்ததுமே நிறம் மாறின. சைக்கிளில் வருகிறவரிடம் படியளந்து வாங்கிய உப்பு அப்படியே வெள்ளையாகக் கிடந்தது. இரண்டுமே நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஒரு கல்லுப்புப் பொட்டலம். வீட்டில் பாக்கெட்டைக் கூடவே கொடுத்து அனுப்பியிருந்தார்கள். 'அயோடின் கலந்தது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, அயோடின் உப்புக்கு அடையாளமான சிரிக்கிற சூரியன் படமும் இருந்தது. அதில் ஒரு கல் ஊதாவாகிவிட்டது. அதை ஒட்டியே கிடந்த இன்னொரு கல் வெள்ளையாகவே இருந்தது. மறுபடி சொட்டு விட்டேன். மாறவில்லை. முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், இந்தக் கல்லுக்கு மட்டும் மருந்து போட மறந்துட்டாங்களா?"

எங்கள் ஊரில் அயோடினுக்குப் பெயர் மருந்து. பெட்டிக்கடையிலும் அப்படித்தான் பேசுவார்கள்: "இது அளத்து உப்பு டீச்சர், சுத்தமானது. பாக்கெட்டுல வர்றது எல்லாம் மருந்து கலந்தது." மருந்து என்று சொன்னதும் வாங்குகிறவர் கை பின்வாங்கிவிடும். பாதிச் சண்டை இந்த ஒரு சொல்லோடுதான்.

கிட் காட்டுகிற நிறத்தை வைத்து இவ்வளவு அயோடின் என்று அளவு சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். அளவு வேண்டுமென்றால் ஆய்வகத்தில் டைட்ரேஷன், அதாவது ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிற சோதனை, செய்ய வேண்டும். ஒரு வகுப்பறைச் சோதனையை வைத்து ஊரையே எடைபோடக் கூடாது. ஆனால் ஊரை எடைபோட்ட கணக்கு ஒன்று தனியாக இருக்கிறது. 2018–19இல் எடுத்த இந்திய அயோடின் சர்வே, நாடு முழுக்க 76.3 சதவீத வீடுகளில் போதுமான அயோடின் உள்ள உப்பு இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். நாட்டிலேயே கடைசி இடம். தடுப்பூசிக்கும் பிரசவத்துக்கும் சத்துணவுக்கும் மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிற மாநிலம் இது. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து நம் பெயரைத்தான் சொல்கிறார்கள். உப்பு விளைகிற வீட்டிலேயே இந்த நிலைமை.

சரி, அயோடின் இல்லாவிட்டால் என்னதான் ஆகும் என்று கேட்பீர்கள். கழுத்தின் முன்பக்கம் இருக்கிற தைராய்டு சுரப்பி, அயோடினை வைத்துத்தான் தன் ஹார்மோனைச் செய்கிறது. வேறு எதை வைத்தும் செய்ய முடியாது. சரக்கு வரத்துக் குறைந்தால் சுரப்பி தன்னைப் பெரிதாக்கிக்கொண்டு சமாளிக்கப் பார்க்கும். அதுதான் கழுத்துக் கழலை. பள்ளிக்கூடத்துக்கு மருத்துவக் குழு வந்தால், எச்சில் விழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தடவிப் பார்ப்பதை நீங்களே பார்த்திருக்கலாம். சுரப்பியின் ஒரு பக்கம், அந்தப் பிள்ளையின் கட்டைவிரல் நுனிக் கணுவைவிடப் பெரிதாகத் தட்டுப்பட்டால் கழலை என்று குறித்துக்கொள்வார்கள். பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் அப்படி இருந்தால் அந்த ஊரில் அயோடின் குறை இருக்கிறது என்று கணக்கு. நாட்டில் 414 மாவட்டங்களில் பார்த்ததில் 337 அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தன. மலைநாட்டு வியாதி என்று முன்பு சொல்வார்கள். அந்தப் பேச்சு எப்போதோ காலாவதியாகிவிட்டது.

கழலையாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் போவதுதான் அதிகம். வயிற்றில் இருக்கிற குழந்தைக்கு முதல் சில மாதம் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம். அப்போது குறைந்தால் மூளை வளர்ச்சியில் விழுகிற குறையைப் பிறகு சரிக்கட்ட முடியாது. பள்ளி வயதில் வருகிற குறை அவ்வளவு கொடியதில்லை, ஆனால் அதுவும் சும்மா போவதில்லை. நியூசிலாந்தில் 10 முதல் 13 வயது வரை உள்ள 184 பிள்ளைகளைச் சோதித்து 2009இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். லேசான அயோடின் குறை உள்ள பிள்ளைகள். பாதிப் பேருக்குத் தினம் 150 மைக்ரோகிராம் அயோடின் மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை, 28 வாரம். அயோடின் எடுத்துக்கொண்ட பிள்ளைகள் படம் பார்த்து யோசிக்கிற புதிர்களில் கொஞ்சம் தேறியிருந்தார்கள். கொஞ்சம்தான். ஆனால் டீச்சர் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கொஞ்சத்தின் மதிப்பு தெரியும். முப்பத்திரண்டு மார்க்குக்கும் முப்பத்தைந்து மார்க்குக்கும் நடுவில் எத்தனை பேர் படிப்பை விட்டிருக்கிறார்கள்!

நான் எத்தனை பிள்ளைகளைத் தூங்குமூஞ்சி என்று திட்டியிருப்பேனோ தெரியாது. மந்தமாக இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் அயோடின் குறை என்று நான் சொல்ல வரவில்லை. காலையில் சாப்பிடாமல் வருவது, ரத்தசோகை, ராத்திரி அம்மாவோடு உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவது என்று ஆயிரம் காரணம் இருக்கும். தைராய்டுக் கோளாறே வேறு காரணத்தாலும் வரும். ஆனால் அந்த ஆயிரத்தில் அரசாங்கத்துக்கும் உங்களுக்கும் மிகக் குறைந்த செலவில் தீர்ந்துபோகக் கூடிய காரணம் எது என்று கேட்டால், உப்பைத்தான் காட்டுவேன்.

கணக்கைப் பாருங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒரு பிள்ளைக்குத் தினமும் 120 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். அதற்கு மேல் பெரியவர்களைப் போலவே 150. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் 250. தினம் 150 என்று எழுபது வருஷம் ஒருவர் எடுத்துக்கொண்டால்கூட, மொத்தமாகச் சேர்த்தால் 4 கிராம் தேறாது. மனுஷ ஆயுசுக்கே அவ்வளவுதான். ஆனால் உடம்பு அதை ரொம்ப நாளைக்குச் சேர்த்து வைத்துக்கொள்ளாது. தினம் தினம் வந்தாக வேண்டும். தினம் தினம் எல்லார் வீட்டிலும் புழங்குகிற பொருள் உப்பைத் தவிர வேறு எது?

உங்கள் பக்கத்துக் கணக்கு இது. ஆலையில் பத்து லட்சத்துக்கு 30 பங்கு, கடையில் குறைந்தது 15 பங்கு என்பதுதான் நாம் பழகிய அளவு. ஒரு டன் உப்புக்கு 30 கிராம் அயோடின். அதை, உப்பில் கலக்கிற அயோடின் சேர்மமான பொட்டாசியம் அயோடேட்டாகப் போட்டால் 50 கிராம் சொச்சம். ஒரு டன்னுக்கு 50 கிராம்! கிலோவுக்குச் சில பைசா செலவு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது அம்பாரம் அம்பாரமாக உப்பு கரைந்து ஓடியதை நானும் பார்த்தேன். வருஷத்தில் பாதி நாள் வானத்தைப் பார்க்கிற தொழில் இது என்று தெரியும். அதனால்தான் பெரிய செலவு பிடிக்கிற எதையும் உங்களிடம் கேட்கவில்லை.

"கடல் தண்ணியிலேயே அயோடின் இருக்கே டீச்சர், கடல் உப்புக்கு எதுக்குத் தனியா?" என்று கேட்காதவர்கள் இல்லை. நல்ல கேள்வி. ஒரு லிட்டர் கடல் நீரில் அயோடின் 60 மைக்ரோகிராம் போல இருக்கும், உப்பு 35 கிராம் இருக்கும். அந்த அயோடின் ஒரு துளி வீணாகாமல் உப்போடு ஒட்டிக்கொண்டால்கூடக் கிராமுக்கு 2 மைக்ரோகிராம் வராது. வேண்டியது கிராமுக்கு 15, கடையில் இருக்க வேண்டிய அந்த 15 பங்கு இதுதான். அந்தக் கொஞ்சமும் பாத்தியில் தங்குவதில்லை. உப்பு உறைந்த பிறகு நீங்கள் திறந்துவிடுகிற நஞ்சுத் தண்ணீரோடு பெரும்பகுதி போய்விடுகிறது. நஞ்சு என்று பேர் வைத்து வெளியே தள்ளுவதில் நமக்கு வேண்டியதும் போகிறது, என்ன செய்ய. இப்போது நாகரிகமாகிவிட்ட இந்துப்புக்கும் இதே கதைதான், பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்பதைத் தவிர. மீனும் பாலும் முட்டையும் தினமும் கிடைக்கிற வீட்டில் கொஞ்சம் ஈடாகும். தினமும் கிடைக்கிற வீடு எத்தனை?

இனி கல்லுப்புக்கு வருகிறேன். நம் ஊர்ச் சமையலுக்குக் கல்லுப்புதான் ருசி. எங்கள் வீட்டு உப்பு மரவையிலும் அதுதான் இருக்கிறது, அதை விடச் சொல்லி நான் யாருக்கும் உபதேசம் செய்யப் போவதில்லை. ஆனால் சிக்கல் அந்தக் கல்லில்தான். அயோடேட்டைத் தண்ணீரில் கரைத்து உப்பின் மேல் தெளிக்கிறீர்கள். அது கல்லுக்குள் போகாது, மேலேதான் பூச்சாக நிற்கும். தூள் உப்பு என்றால் கிளறக் கிளறக் கலந்துவிடும். கல்லுப்பைத் தரையில் பரப்பி, தோட்டத்துக்கு மருந்தடிக்கிற மாதிரி கைத்தெளிப்பானால் அடித்து, மண்வெட்டியால் ரெண்டு புரட்டுப் புரட்டினால் என்ன ஆகும்? மேலே இருந்த கல் நனையும், அடியில் கிடந்தது தப்பித்துவிடும். அந்தப் பிள்ளை சொன்னது சரி. அந்தக் கல்லுக்கு மருந்து போட மறந்துதான் போனார்கள்.

அப்புறம் ஈரம். சரியாக வடியாத, சரியாகக் கழுவாத உப்பில் மெக்னீசியம் அதிகம் நிற்கும், அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். அந்த உப்பைச் சாதாரணச் சாக்கில் கட்டி அடுக்கினால் சாக்கின் அடியில் நீர் கசியும். அந்தக் கசிவோடு மேலே இருந்த அயோடினும் இறங்கிச் சாக்கை விட்டே வெளியேறும். குடோன் தரையில் கறையாகப் படிகிற தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். அதில் யார் வீட்டுப் பிள்ளையின் பங்கோ போகிறது.

இதெல்லாம் தாண்டி வீட்டுக்கு வந்தால், நம் பெண்கள் கல்லுப்பில் மண் இருக்கிறது என்று தண்ணீர் விட்டு அலசுவார்கள். மேல்பூச்சில் பெரும்பகுதி சிங்க்கோடு போகும். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? உப்பில் மண் இருந்தது. மண் இல்லாத உப்பை அனுப்பினால் யாரும் அலசப் போவதில்லை. மிச்சம் இருப்பதிலும் ஐந்தில் ஒரு பங்கு கொதிக்கும்போது போய்விடுகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்குத்தான் சத்துணவில் அயோடின் உப்பு கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. வாலிநோக்கத்தில் இருந்து தமிழ்நாடு உப்பு நிறுவனம் இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பைச் சத்துணவுக் கூடங்களுக்குத் தருகிறது, நல்ல காரியம். ஆனால் அது மத்தியானம் ஒரு வேளை, பள்ளி நடக்கிற நாளில் மட்டும். பத்தாம் வகுப்போடு அதுவும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு இருக்கிற பெண் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். இன்னும் சில வருஷத்தில் தாயாகப் போகிறவர்கள். பிரிட்டனில் 14, 15 வயதுப் பள்ளி மாணவிகள் 737 பேரின் சிறுநீரைச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் அயோடினாவது இருக்க வேண்டிய இடத்தில் நடு அளவு 80தான். அங்கே உப்பில் அயோடின் கலப்பது கட்டாயமில்லை. பாலையும் ரொட்டியையும் வெண்ணெயையும் வேண்டிய மட்டும் தின்கிற நாட்டிலேயே அப்படி என்றால், ரசமும் சோறும் சாப்பிடுகிற நம் பிள்ளைக்கு உப்பை விட்டால் வேறு வழி எது?

சட்டத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதோடு நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். 1998இல் அயோடின் கலக்காத உப்பைச் சமையலுக்கு விற்கத் தடை. 2000இல் தடையை எடுத்தார்கள். 2006 மே மாதம் மறுபடி போட்டார்கள். 2011இல் சுப்ரீம் கோர்ட், அந்தப் பழைய விதி செல்லாது என்றது. ஆனாலும் ஆறு மாதம் தொடரட்டும் என்று அவகாசம் கொடுத்தது, அதற்குள் புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதே தடை வந்துவிட்டது. இப்படி ஊஞ்சல் ஆடினால் எந்தச் சின்ன உற்பத்தியாளர் தைரியமாக அயோடின் கலக்கிற மெஷின் வாங்கிப் போடுவார்? அந்தக் கோபம் நியாயமானது. 1930இல் ராஜாஜியோடு நடந்துபோய் உப்புச் சட்டத்தை மீறிய வேதாரண்யத்தில், உப்பு எங்கள் உரிமை, அரசாங்கம் தலையிடாதே என்று பேசினால் கைதட்டல் கிடைக்கும். எனக்கும் ஒரு நிமிஷம் கைதட்டத் தோன்றும். ஆனால் அன்றைக்கு வெள்ளைக்காரன் உப்பில் வரியைப் போட்டான். இன்றைக்குப் போடச் சொல்வது அயோடினை. ரெண்டும் ஒன்றா?

அயோடின் கூடிப் போனாலும் கெடுதல்தானே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கெடுதல்தான், அளவு மீறினால். அதனால்தான் சீராகக் கலக்கச் சொல்கிறேன். ஒரு கல்லில் அறவே இல்லாமலும் இன்னொரு கல்லில் அப்பியும் இருக்கிற உப்புதான் ரெண்டு பக்கமும் கெடுதல். டாக்டர்கள் உப்பைக் குறையுங்கள் என்கிறார்கள், அதுவும் சரி. நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பு குறையக் குறைய, சாப்பிடுகிற ஒவ்வொரு கிராமிலும் சொன்ன அளவு அயோடின் இருந்தே ஆக வேண்டும். பத்து வயதுப் பிள்ளை கிராமுக்கு 15 மைக்ரோகிராம் உள்ள உப்பில் தன் 120ஐ எடுக்க வேண்டுமானால் 8 கிராம் சாப்பிட வேண்டும். அவ்வளவு உப்பு பிள்ளைக்கு ஆகாது. ஆகவே, ஆலையில் 30 என்று எழுதியிருந்தால் 30 இருக்கட்டும்.

இது பலன் தருமா என்று யாரும் புதிதாக நிரூபிக்க வேண்டியதில்லை. 1956இல், இப்போது இமாசலத்தில் இருக்கிற காங்க்ரா பள்ளத்தாக்கில், டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் கூட்டாளிகளும் சுமார் ஒரு லட்சம் ஜனங்கள் உள்ள பகுதியை மூன்றாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் உப்பும் ஒன்றுக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்தாறு வருஷத்தில் அயோடின் உப்புப் பகுதிகளில் பள்ளிப் பிள்ளைகளின் கழலை பாதிக்குப் பாதி குறைந்தது. சாதா உப்புப் பகுதியில் குறையவில்லை. அதன் பிறகு அங்கும் அயோடின் உப்பைக் கொடுத்தார்கள், அங்கும் குறைந்தது. உலகமே அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டது. நம் நாட்டில் நடந்த சோதனை, அண்ணாச்சி.

நான் கேட்பது இதுதான். சமையலுக்குப் போகிற கல்லுப்பை நன்றாகக் கழுவி, வடியவிட்டு, கொஞ்சம் சின்னக் கல்லாக உடைத்துவிட்டுத் தெளியுங்கள். ஒருவருக்கு மெஷின் கட்டுப்படியாகாது என்றால் பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள், டைட்ரேஷன் பார்க்கிற பிள்ளை ஒருவரையும் சேர்ந்தே வேலைக்கு வையுங்கள். நம் ஊரிலேயே வேதியியல் படித்துவிட்டு ஜவுளிக்கடையில் நிற்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். உள்ளே பாலிதீன் போட்ட பையில் கட்டுங்கள். மாட்டுக்கு, கருவாட்டுக்கு, ஐஸ் கம்பெனிக்கு, கோயிலில் உப்பும் மிளகும் கொட்டுகிற நேர்த்திக்கடனுக்கு என்று போகிற உப்புக்கு அயோடின் வேண்டாம், யாரும் கேட்கவும் இல்லை. அதைச் சமையலுக்கு அல்ல என்று தெளிவாக எழுதித் தனியாக அனுப்புங்கள். அந்தச் சாக்குதான் இப்போது பின்வாசல் வழியாக அடுப்படிக்கு வந்துகொண்டிருக்கிறது. சைக்கிள்காரருக்கும் அதுதான் போகிறது. அவர் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம், அவருக்கும் பாக்கெட் உப்பையே அளவான விலைக்குக் கொடுங்கள்.

கலக்காத உப்பில் 'கலந்தது' என்று மட்டும் அச்சடிக்காதீர்கள். சைக்கிள் உப்பை வாங்குகிறவருக்கு அதில் அயோடின் இல்லை என்றாவது தெரியும். சூரியன் படத்தைப் பார்த்து வாங்கின அம்மாவுக்குத் தெரியாது.

கிட்டை நர்ஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஆனால் அதற்குப் பிறகு சொந்தமாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். எந்த அளத்துக்கு, எந்த ஷெட்டுக்குக் கூப்பிட்டாலும் வருகிறேன். வண்டி அனுப்ப வேண்டாம், பஸ்ஸில் வந்துவிடுவேன். ஒரு அம்பாரத்தில் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் உங்கள் கையாலேயே எடுத்து வையுங்கள், நான் சொட்டு மட்டும் விடுகிறேன். பாட்டிலில் இன்னும் பாதி இருக்கிறது. தேதி முடிவதற்குள் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அளத்துப் பிள்ளை,
ஓய்வு பெற்ற அறிவியல் டீச்சர்